கவுச்சி வாடைக்கு எவ்வளவு கழிப்பது

நான் சொத்து மதிப்பீட்டாளர் என்று சொன்னால் எங்கள் பக்கத்து ஜனங்கள் ஒரு அடி பின்னால் போய்விடுவார்கள். வரி போட வந்தவள், இடிக்க வந்தவள், அளந்துவிட்டு நோட்டீஸ் ஒட்டப் போகிறவள் என்றுதான் நினைப்பு. நான் அதெல்லாம் இல்லை. வீட்டை அடமானமாக வைத்து வங்கியில் கடன் கேட்டால், அந்த வீடு எவ்வளவு பெறும் என்று நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பவள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் என் ஸ்கூட்டர் நுழையாத சந்து குறைவு. சிவில் படித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு எர்ணாவூரில் குடியேறியவள், கோபக்காரி. கடைசியாகச் சொன்னதை என் வீட்டுக்காரர் சேர்க்கச் சொன்னார்.

இந்தத் தொழிலுக்கு ஒரு பரீட்சை உண்டு. எழுதித் தேறி, பதிவு எண் வாங்கிவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வருடா வருடம் இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தே தீர வேண்டும் என்று விதி. தொடர்கல்வி என்று பெயர். உட்காராவிட்டால் தொழில் சான்றிதழை நிறுத்தி வைத்துவிடுவார்கள். சான்றிதழ் இல்லாமல் நான் போடும் கையெழுத்தும், கடையில் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்ப்பதும் ஒன்றுதான்.

படிக்கச் சொல்வதில் எனக்குச் சண்டை இல்லை. சட்டம் மாறுகிறது, கட்டட விதி மாறுகிறது, படித்தால்தான் புரியும். அந்தப் படிப்புக்கு ஆகும் செலவில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். கட்டணம், அதற்கு மேல் வரி, போக வர செலவு, அன்றைக்குப் போகாமல் விட்ட சைட்டுகள். எல்லாவற்றையும் கூட்டினால் நாலைந்து வீட்டு ரிப்போர்ட்டில் சம்பாதித்தது ஒரே நாள் வகுப்பில் கரைந்துபோகும். வகுப்பு நடக்கிற இடமோ பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நட்சத்திர ஓட்டல். மத்தியானம் இத்தனூண்டு சோளத்தை மிளகாய்ப் பொடியில் புரட்டி வைப்பார்கள். அதைத் தின்றுவிட்டு, பக்கத்தில் அடையாறுக்காரர் ஒருவர் நீச்சல்குளம் வைத்த அடுக்ககத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் மதிப்புப் போட்ட வீடுகளில் தண்ணீர் டிரம் உண்டு. நீச்சல்குளத்தை எங்கே கண்டேன்.

பாதி மணி நேரங்களை இணையத்தில் முடித்துக்கொள்ளலாம். நாம் எழுந்து போய்விட்டோமா என்று பார்க்கத் திரையில் நடுநடுவே ஒரு பொத்தான் வரும், அதை அமுக்க வேண்டும். மணலியில் ஒரு குடோன் கூரைமேல் நின்றுகொண்டுகூட அமுக்கியிருக்கிறேன். மீதிப் பாதி நேரில்தான். அந்த மீதிப் பாதியில்தான் போன மார்ச் மாதம் நான் மாட்டிக்கொண்டேன்.

வருடத்தின் கடைசி நேரடி வகுப்பு அது. விடிந்ததும் கிளம்பினேன். மெட்ரோதான் வந்துவிட்டதே என்று தெற்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்பார்கள். வந்துவிட்டது, மகராசியாக ஓடட்டும். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோ நிலையத்துக்குப் போவதற்கு நடுவில்தான் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அன்றைக்கு மேம்பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லாரிகள் வால் தெரியாமல் நின்றன. டிரைவர்கள் இறங்கி, லாரிக்கு அடியில் ஸ்டவ் மூட்டிக் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். குழம்பு கொதித்தால் அந்த வரிசை இப்போதைக்கு நகராது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. ஸ்கூட்டரைச் சந்து சந்தாக உருட்டி, மெட்ரோ பிடித்து, இறங்கிப் பேருந்து பிடித்து, ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்தியிருந்தார்கள்.

வகுப்பு எடுக்கும் ஆசிரியரே வெளியே வந்து சொன்னார். தலை நரைத்த, மடிப்புக் கலையாத சட்டை போட்ட மனிதர்.

"ஆரம்பிச்ச பிறகு உள்ளே விட எனக்கு அதிகாரம் இல்லைம்மா. மணி நேரத்தை முழுசா உட்கார்ந்தாத்தான் கணக்கு."

"லாரி சார். எண்ணூர் ரோடு பூராவும் லாரி."

"இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருக்கலாமே?"

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது. கட்டிய கட்டணம் திரும்பாது என்று மேசையில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள். திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். துக்கம் பாதி, கோபம் பாதி. ஏப்ரலில் சான்றிதழை நிறுத்தி வைத்துவிட்டதாகத் தகவல் வந்தது. ஜூன் முடிவதற்குள் விட்டுப்போன மணி நேரத்தை நேரில் உட்கார்ந்து முடித்தால் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் பதிவே போய்விடும், மறுபடி பரீட்சையிலிருந்து தொடங்க வேண்டும்.

மே மாதத்தில் ஒருநாள் ராயபுரம் வங்கிக் கிளையின் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். போனேன். அவர் அறையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் மஞ்சள் கயிறு, கை நிறைய கண்ணாடி வளையல். வங்கிக்கு வருகிறோம் என்று தலைக்குக் குளித்து, பூ வைத்து வந்திருந்தார். சொந்த வீட்டுக்கு மேல் ஒரு மாடி போடக் கடன் கேட்டிருக்கிறார். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் போய்ப் பார்த்து, கேட்ட கடனில் பாதிக்குக்கூடப் பற்றாத மதிப்பு எழுதிவிட்டார்.

"துர்நாற்றமான சுற்றுப்புறம்னு பெரிய தொகையைக் கழிச்சிருக்கார். வருமானம் ஒண்ணும் இல்லைன்னும் எழுதியிருக்கார்," என்றார் மேலாளர். "இவங்க ஒத்துக்கல. இரண்டாவது மதிப்பீடு கேக்குறாங்க. எங்க பட்டியல்ல இந்தப் பக்கத்து ஆள் நீங்க ஒருத்தர்தான்."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "அந்த சாரு மூக்கைப் புட்ச்சிகினே வந்தாரு மேடம், மூக்கைப் புட்ச்சிகினே போனாரு. வாசல்லயே நின்னு எட்டிப் பாத்தாரு, அவ்ளோதான். எம் பொண்ணு மாத்தூர்ல வாடகைக்குக் கீறா. மாசமா கீறா. வூட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லிட்டா. மேல ஒரு ரூம்பு போட்டேன்னா இட்டாந்து வெச்சிகினுவேன். கீழ எடம் கெடியாது மேடம்."

சான்றிதழ் நின்றுபோன விஷயத்தை இருவரிடமும் சொன்னேன். மேலாளர் பேனாவை மூடி வைத்தார்.

"ஜூன் கடைசி வரைக்கும் ஃபைலை வெச்சிருக்கேன். அதுக்குள்ள உங்க சான்றிதழ் வந்தா நீங்க. வரலைன்னா இந்த ரிப்போர்ட்தான் மேடம், வேற வழியில்ல."

அந்த அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பள்ளிக்கூடத்துக்குப் போவலன்னு உங்களியும் வெளிய நிறுத்தி வெச்சிட்டாங்களா? போய்க் குந்திட்டு வந்துடு மேடம். எனக்காவ." சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

போய் உட்காரலாம்தான். ஜூனில் நேரடி வகுப்பே இல்லை. அடுத்தது ஆகஸ்டில், அதே ஓட்டலில். நான் எங்கள் பதிவு அமைப்புக்குப் போன் போட்டுக் கத்தினேன். எதிர்முனையில் இருந்த பையன் பொறுமைசாலி. கத்தி முடித்த பிறகு, விதியில் இன்னொன்றும் இருக்கிறது மேடம், குறிப்பிட்ட எண்ணிக்கை உறுப்பினர்கள் சேர்ந்து கேட்டால் அவர்கள் சொல்லும் இடத்துக்கே ஆசிரியரை அனுப்புவோம், இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை என்றான். இத்தனை வருஷம் புலம்பியிருக்கிறோம், ஒருத்தருக்கும் அதைப் படிக்கத் தோன்றவில்லை.

உடனே வண்ணாரப்பேட்டை பாயைப் பிடித்தேன். பாயும் என்னைப்போல மதிப்பீட்டாளர். என்னைவிட மூத்தவர். தோல் குடோன்களுக்கும் பழைய சந்தைக் கட்டடங்களுக்கும் மதிப்புப் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"இத்த மொதல்லியே சொல்லக்கூடாதா? நானும் இந்த வருசம் மணி நேரம் பத்தாம பேஜாராத்தான் கீறேன்," என்றார். "ராயபுரத்துல நம்ப மச்சானோட மினி ஹாலு கீது. கீழ பிளாஸ்டிக் கடை, மேல ஹாலு. ஏசி போட்டுக் குடுக்கச் சொல்றேன். சோறு நம்ப பொறுப்பு. ஆளு சேக்குறது உன் பொறுப்பு."

ஆள் சேர்த்தேன். தண்டையார்பேட்டை, மணலி, மாதவரம், புழல் என்று ஒவ்வொருவராகப் போன் போட்டேன். முதலில் "நம்ம ஏரியாவுக்கெல்லாம் யார் வருவாங்க" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஓட்டல் வாடகையும் சோளமும் இல்லாமல் கட்டணம் எவ்வளவு குறையும் என்று சொன்னதும் குரல் மாறியது. வேண்டிய எண்ணிக்கை சேர்ந்துவிட்டது. ஜூன் கடைசி வாரத்தில் ஒரு சனிக்கிழமை என்று முடிவாயிற்று. ஆசிரியர் யார் என்று கேட்டேன். என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்திய அதே மனிதர்.

அந்தச் சனிக்கிழமை காலை எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். பாய் எல்லோருக்கும் சமோசா கொடுத்தார். பத்து மணி ஆயிற்று. ஆசிரியர் வரவில்லை. போன் போட்டேன்.

"அம்மா, நான் துறைமுகத்து மதில் ஓரமா நிக்கிறேன். முன்னாடியும் லாரி, பின்னாடியும் லாரி. டாக்சி அசையவே இல்லை. ஃபோன் இந்த வழியாத்தான் வரச் சொல்லுச்சு."

எனக்குள் ஒருத்தி குதித்துக் குதித்துச் சிரித்தாள். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருக்கலாமே சார் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கடித்துக்கொண்டேன். காசிமேட்டு அம்மா ஞாபகம் வந்தது. இந்த மனிதர் வராவிட்டால் அந்த மாடி இல்லை.

"சார், டிரைவருங்க கீழ இறங்கிச் சமைக்கிறாங்களா?"

"ஆமா. ஏன்?"

"அப்ப அது நகராது. டாக்சியை விட்டுட்டு இறங்கி நில்லுங்க. நான் வரேன்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு கண்டெய்னருக்கு நடுவில், தோளில் மடிக்கணினிப் பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக நின்றிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. பின்னால் ஏறி உட்கார்ந்தார். மீன் வண்டிகளுக்கு நடுவில் நான் வளைத்து வளைத்து ஓட்டும்போது ஒருமுறை மட்டும், "அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"இதைவிட ஜாஸ்தி சார்."

அவர் அதைக் கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஹாலுக்கு வந்தபோது பத்து மணியைத் தாண்டி வெகு நேரம் ஆகியிருந்தது. வருகைப் பதிவுத் தாள் என் கையில் இருந்தது. பின்வரிசையில் இருந்த மணலிக்காரர் மெல்ல, "பத்துன்னே போட்டுடுங்க மேடம். யார் வந்து பாக்கப் போறாங்க?" என்றார். பலர் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால் என் பேனாவும் பத்துக்குத்தான் போயிற்று. ஆசிரியர் கையை நீட்டித் தாளை வாங்கி, தான் வந்து சேர்ந்த நேரத்தைத் தன் கையாலேயே எழுதினார்.

"ஒரு வீட்டோட அளவைக் கூட்டிக் கொறச்சு எழுதாதீங்கன்னு சொல்லத்தான் வந்திருக்கேன். என் நேரத்தை நானே கூட்டி எழுதினா நல்லாருக்குமா? எவ்வளவு நேரம் போச்சோ, சாயங்காலம் அவ்வளவு நேரம் உட்காருவோம்."

அன்றுவரைக்கும் அவர்மேல் வைத்திருந்த கோபம் எனக்குப் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. இந்த ஆள் மற்றவர்களுக்கு மட்டும் கதவைச் சாத்துகிறவர் இல்லை.

பாடம் நன்றாகவே இருந்தது. சட்டத்தில் வந்த மாற்றங்களைப் புரிகிற மாதிரி சொன்னார். மத்தியானம் பாய் வீட்டு பிரியாணி. ஆசிரியர் சைவம் என்று தெரிந்து பாய் தனியாகக் கறி சேர்க்காத குஸ்கா சொல்லி வைத்திருந்தார். அதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அந்த ஓட்டல் சாப்பாட்டைப் பற்றி அவரே இரண்டு வார்த்தை சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

சிக்கல் சாயங்காலம் வந்தது. ஹாலில் ஒரு வளைகாப்பு. வாழைமரம் கட்ட ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். எங்களுக்கோ கடைசிப் பாடம் பாக்கி. அது முடியாமல் மணி நேரம் கணக்காகாது. பாய் மச்சானிடம் கெஞ்சிப் பார்த்தார். "மாமு, பொண்ணு வூட்டுக்காரங்க மேளம் எட்த்துகினு கீழ வந்துட்டாங்க, நான் இன்னா பண்ணட்டும்" என்று அவர் தலையைச் சொறிந்தார். இவ்வளவு தூரம் வந்து, ஒரு பாடத்தில் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

ஆசிரியர் தன் கணினியைப் பார்த்தார். கடைசிப் பாடம், சொத்தின் மதிப்பைப் பாதிக்கும் சுற்றுப்புறக் காரணங்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதைக் களத்துல நடத்த விதி இடம் குடுக்குது. பக்கத்துல எந்தத் தெரு நல்லாருக்கும்?"

"காசிமேடு சார்," என்றேன். நான் யோசிக்கவே இல்லை, வாய் சொல்லிவிட்டது. அந்த அம்மாவின் வீடு எந்தத் தெரு என்று எனக்கு அப்போது தெரியாது.

எல்லோருமாகக் கோப்பும் பையுமாக நடந்தோம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்த சமயம். தெரு முழுக்கத் தண்ணீரும் செதிலும். ஐஸ் உடைக்கிற சத்தம், வலை தைக்கிறவர்கள், மூச்சை அடைக்கிற கவுச்சி. ஆசிரியர் கைக்குட்டையை எடுத்தார், எங்களைப் பார்த்தார், திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். அதையும் கவனித்துக்கொண்டேன்.

ஒரு மாடி வீட்டைக் காட்டி, "இது இதே அளவுல ஒரு சாதாரணத் தெருவுல இருக்கிறதா நெனச்சுக்குங்க. இங்க இருக்கிறதால எவ்வளவு கழிப்பீங்க? ஆளுக்கு ஒரு துண்டுத் தாள்ல எழுதிக் குடுங்க," என்றார். கொடுத்தோம். வாங்கிப் படித்தவர் புருவத்தைச் சுருக்கினார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"கழிக்கச் சொன்னா எல்லாரும் கூட்டி வெச்சிருக்கீங்களே. என் பாடத்துல மீன் சந்தைக்குப் பக்கம்னா கழிவுன்னுதான் போட்டிருக்கேன்."

பாய்தான் பதில் சொன்னார். "சார், போட்ல போறவன் இருட்டோட எறங்கணும். ஏலம் எடுக்கிறவங்க விடியறதுக்குள்ள வந்து நிக்கணும். அந்நேரத்துக்கு பஸ்ஸு ஏது? அதனால இந்தத் தெருவுல ரூம்பு காலின்னா அடிச்சிகினு வருவான். ரெண்டு தெரு தள்ளிப் போங்க, வாடை கம்மியாவும், வாடகையும் கம்மியாவும்."

"சும்மா சொன்னாப் பத்தாது பாய். ஆதாரம்?"

"கேளுங்க சார். தெருவுலதானே நிக்கிறோம்."

கேட்டோம். அவரே கதவு கதவாகத் தட்டி, உங்கள் வீட்டு வாடகை என்ன, எத்தனை நாளாக இருக்கிறீர்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். அப்படி ஒரு கதவுக்கு முன்னால் நாங்கள் நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா மேடம், ஒரு வூட்ட அளக்க இத்தினி பேரா?"

வங்கியில் பார்த்த அதே அம்மா. தலையில் சும்மாட்டுத் துணி, இடுப்பில் காலிக் கூடை. என்னைப் பார்த்துச் சிரித்த முகம் உடனே வாடிவிட்டது.

"ஒரு வார்த்த சொல்லி வுட்டிருக்கக் கூடாதா? கழுவி வெச்சிருப்பேனே. இப்ப ஒரே கலீஜா கீது. போன தபா அந்த சாரு வர்றாருன்னு சொன்னதும் பொட்டிய எல்லாம் தூக்கி ஓரகத்தி வூட்ல போட்டு, பினாயிலு ஊத்திக் கழுவி, சாம்பிராணிகூடப் போட்டேன். அப்பவே அந்தாளு மூக்கப் புட்ச்சிகினாரு. இன்னிக்கிப் போய் வந்து நிக்கிறீங்களே."

இன்றைக்கு உங்கள் வீட்டை அளக்க வரவில்லை, இது வகுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆசிரியர் முந்திக்கொண்டார்.

"எந்தப் பெட்டிம்மா?"

"ஐஸ் பொட்டி சார். மீனு வெக்கிறது. முன் ரூம்பு பூரா அதான். நாலு வியாபாரிங்க வெச்சிகினு கீறாங்க."

"சும்மாவா?"

"சும்மா யாரு வெப்பா? மாசம் பொறந்தா குடுத்துடுவாங்க. எல்லாம் ஜி.பே.ல. வருசக்கணக்கா கீறாங்களே."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பாய் வானத்தைப் பார்த்தார். அந்த வீட்டின் வருமானம் அத்தனையும் அந்தப் பெட்டிகள்தான். கௌரவமான வீடாகத் தெரிய வேண்டும் என்று, அதிகாரி கண்ணில் படாமல் வருமானத்தைத் தூக்கி ஓரகத்தி வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறார் இந்த அம்மா. வந்த மனிதர் காலி அறையைப் பார்த்து வருமானம் இல்லை என்று எழுதிவிட்டார். வீட்டைக் கழுவியாயிற்று, தெருவைக் கழுவ முடியுமா? அதனால் கவுச்சிக்கும் சேர்த்துக் கழித்துவிட்டார்.

ஆசிரியர் அதையும் குறித்துக்கொண்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "இவங்க வீட்டு மதிப்பைப் பத்தி இங்க யாரும் பேச வேணாம். அது வங்கி விஷயம், யாருக்கு அந்த வேலை வருதோ அவங்க போய்ப் பாக்கட்டும்," என்றார். "ஆனா என் பாடத்துல அந்த ஒரு வரியை மாத்துறேன். வாடை இருந்தாக் கழிங்கன்னு இனிமே சொல்ல மாட்டேன். அது எதனால வருதுன்னு கேளுங்கன்னு சொல்றேன்."

அந்த அம்மாவுக்கு இதில் எதுவும் தலை கால் புரியவில்லை. இத்தனை பேர் தெருவில் நிற்கிறோம் என்று டீக்கடைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். நான் மதிப்புப் போட வேண்டிய வீட்டுக்காரர் வாங்கித் தரும் டீயைக் குடிக்கலாமா என்று ஆசிரியரைப் பார்த்தேன். காசை அவரே கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, "இப்ப குடிங்க," என்றார். அங்கேயே ஒரு படகின் ஓரத்தில் தாளை வைத்து, முடிந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மணி நேரம் கணக்காகிவிட்டது. திரும்பும்போது அவரை வண்ணாரப்பேட்டை மெட்ரோ வரைக்கும் நானே கொண்டுபோய் விட்டேன். படி இறங்கும் முன் நின்றார்.

"மாச மாசம் முடியாட்டியும் மூணு மாசத்துக்கு ஒரு தடவை இங்க வகுப்பு வைக்கலாம்மா. நான் எழுதி அனுப்புறேன். லேட்டா வந்தவங்க லேட்டா உட்கார்ந்து முடிக்கலாம்னும் கேக்கப் போறேன். ஒத்துக்குவாங்களான்னு தெரியாது."

"நீங்க எழுதுங்க சார். நாங்க போன் போட்டுக் கத்துறோம்," என்றேன். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

முதல் விஷயத்துக்கு அமைப்பு ஒத்துக்கொண்டது. இரண்டாவதற்கு இன்னும் கத்திக்கொண்டிருக்கிறோம்.

கெடு முடிவதற்கு முன்னால் சான்றிதழ் திரும்ப வந்தது. அன்றைக்கே வங்கிக்குப் போனேன். டீ கொடுக்கச் சொன்னது வரைக்கும் நடந்ததையெல்லாம் மேலாளரிடம் சொன்னேன். பரவாயில்லை, ரிப்போர்ட்டில் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள் என்று ஃபைலை என்னிடம் கொடுத்தார். காசிமேட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு வரேன்மா. ஒண்ணே ஒண்ணு. வீட்டைக் கழுவாதீங்க."

"இன்னா மேடம் சொல்றீங்க?"

"எது எது எங்க கீதோ அது அது அங்கியே இருக்கட்டும். பினாயில் வாடை வந்துச்சு, நான் அப்படியே திரும்பிப் போயிடுவேன்."

மறுநாள் போனபோது முன்னறையில் ஐஸ் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. வாசற்படியில் ஐஸ் தண்ணீர் வழிந்து என் புடவை ஓரம் நனைந்தது. கவுச்சி ஆளைத் தள்ளியது. மாத்தூரிலிருந்து வந்திருந்த மகள், கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டிமேல் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாடி ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று அம்மாவுக்கும் மகளுக்கும் ஏற்கெனவே சண்டை. உப்புக் காத்து அடிக்கும், தெருப்பக்கம் வைக்கலாம் என்கிறார் அம்மா. கடல்பக்கம்தான் வேண்டும், காத்து வரும் என்கிறாள் மகள். என்னைக் கேட்டார்கள். நான் அளக்க வந்தவள், ஜன்னல் வைக்க வந்தவள் இல்லை என்று தப்பித்துக்கொண்டேன்.

எல்லா அறைக்குள்ளும் போய் அளந்தேன். பெட்டி வைத்திருக்கும் நாலு பேரிடமும் எழுதி வாங்கினேன். போனில் பணம் வந்த விவரத்தைப் பார்த்துக்கொண்டேன். பக்கத்து வீடுகளின் வாடகையை விசாரித்துச் சேர்த்தேன். வீட்டில் உள்ள குறைகளையும் மறைக்கவில்லை. பின்சுவரில் உப்புப் பூத்திருந்ததை எழுதினேன், அதற்குக் கழித்தேன். கடைசியில், நிறுத்தி வைத்திருந்த என் கையெழுத்தைப் போட்டேன். ஒளிப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மேலாளர் போன் செய்தார்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம். மதிப்பும் கடனுக்குப் பத்துது. ஒரு சந்தேகம். முதல் ரிப்போர்ட்ல துர்நாற்றத்துக்குக் கழிச்சிருந்தாங்க. நீங்க ஒண்ணுமே கழிக்கலையே. மேல கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"என்னிக்கு அந்தத் தெருவுல கவுச்சி வாடை நிக்குதோ, அன்னிக்கு எனக்குப் போன் பண்ணுங்க சார்," என்றேன். "ஓடி வந்து கழிச்சுத் தரேன்."